சர்வாதிகாரி ஆடிய ஒரு போர்டு

ராயபுரத்தில் ஒரு ஷட்டர் அறையும் நாலு கேரம் போர்டும் உள்ள ஒரு கிளப்புக்கு நான் செயலாளர். துறைமுகத்துக் கம்பெனியில் மேலாளர் முன்னால் எச்சில் விழுங்கக்கூட யோசிப்பவன், இங்கே வந்தால் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வேன். அப்படி நிமிர்ந்ததில்தான் போன வருடம் என் மானம் கப்பலேறியது.

கிளப்பின் ஆண்டுப் போட்டி அன்று. காலையில் வரச் சொன்ன ஆட்டக்காரர்கள் மத்தியானம் வந்தார்கள். ஷாமியானாக்காரர் வரவே இல்லை. பொன்னாடைகளை எங்கள் பொருளாளர் வீட்டிலேயே மறந்துவிட்டார். நான் கொதித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து ஒரு யூடியூப் சேனல்காரர் மைக்கை நீட்டி, "இவ்ளோ திறமை இருந்தும் நம்ம ஏரியா ஆளுங்க ஏன் சார் மேல வர முடியல?" என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டால் அப்புறம் என்ன செயலாளர்?

"தப்பா நெனைக்காதீங்க. சர்வாதிகாரிங்க ஆண்ட நாட்ல போய்ப் பாருங்க, மெடலு மலையா குமிஞ்சி கீது. ஒருத்தன் சொல்லணும், மத்தவன் வாயப் பொத்திகினு செய்யணும். நமக்கும் அப்பிடி ஒருத்தன் வேணும். கூட்டம் போடு, டீ குடி, கைய தூக்குன்னு இருந்தா ஆட்டம் எங்க உருப்படும்?"

இதைச் சொன்னபோது என் கையில் டீ இருந்தது. வீடியோவில் அது தெளிவாகவே தெரிகிறது.

சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ மாதவரம் வரை போய்விட்டது. அங்கே இருக்கும் என் மைத்துனன் போன் செய்து, "மாமா, மிலிட்டரி எப்ப வருது?" என்றான். மாவட்டச் சங்கம் விளக்கம் கேட்டது. மறுநாள் ஆபீஸில் மேலாளர் எழுந்து நின்று எனக்கு சல்யூட் அடித்தார். நானும் பழக்கதோஷத்தில் குனிந்து வணக்கம் வைத்தேன். வீட்டில் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "கேஸ் சிலிண்டர் புக் பண்ணச் சொல்லி எத்தினி நாளா கத்திகினு கீறேன். அத்த செய்யத் துப்பில்ல, நாட்ட ஆளப் போறாராம்" என்றாள்.

வாய் தவறிவிட்டது என்று அப்போதே ஒதுங்கியிருந்தால் நாலு நாளில் ஊர் மறந்திருக்கும். ஆனால் கிண்டல் ஏற ஏற எனக்கு ரோஷமும் ஏறியது. செய்து காட்டுகிறேன் பார் என்று, பயிற்சிக்குத் தாமதமாக வருகிற யாருக்கும் மாவட்டப் போட்டி அணியில் இடமில்லை என்று அறிவித்துவிட்டேன்.

முதலில் மாட்டியது எங்கள் கிளப்பின் மிகச் சிறந்த ஆட்டக்காரி. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் தற்காலிக வேலை. எண்ணூர் சாலையில் லாரி வரிசை நகர்ந்தால்தான் அவள் வரும் பஸ்ஸும் நகரும். அந்த வருடம் மாவட்டப் போட்டியில் ஜெயித்து மாநில அணிக்குப் போனால், விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கான வயது அடுத்த வருடம் கடந்துவிடும். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் பெயரை அடித்தேன். உறுதியான தலைவர்கள் இரக்கப்பட மாட்டார்களாம்.

அவள் வந்தாள். சண்டை போடுவாள் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவளோ நேராக ஒரு போர்டின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எதிர் நாற்காலியைக் காட்டினாள்.

எங்கள் கிளப்பில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. அணியிலிருந்து நீக்கப்பட்டவர், நீக்கியவரை ஒரு போர்டு, அதாவது ஒரே ஒரு ஆட்டம், ஆடக் கூப்பிடலாம். ஜெயித்தால் இடம் திரும்பக் கிடைக்கும். தோற்றால் அதற்குமேல் பேச்சில்லை. இன்னொன்றும் உண்டு. ஒருவர் வேண்டுமென்றே காயினைத் தவறவிட்டதாகப் பட்டால், திரும்ப அடிக்கச் சொல்லும் உரிமை எதிராளிக்கு உண்டு. பெரிய மனிதர்கள் ஆட வரும்போது நம் ஆட்கள் ஐஸ் வைப்பதற்காகத் தோற்றுப் போகக் கூடாது என்று அந்தக் காலத்தில் வைத்தது.

எனக்கு கேரம் சுமாராகத்தான் வரும். அன்றைக்கென்று பார்த்து, தொட்டதெல்லாம் விழுந்தது. அவள் அடித்ததோ குழியின் விளிம்பில் பட்டுப் பட்டுத் திரும்பியது. கடைசியில் எனக்கு மிச்சமிருந்த ஒரே ஒரு காயின், ஊதினால் விழுந்துவிடும் என்கிற மாதிரி குழியின் வாயில் நின்றது. அது விழுந்தால் அவள் இடம் போனது.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. ஒரு வீடியோவுக்குப் பதில் சொல்வதற்காக ஒரு பெண்ணின் பிழைப்பில் கை வைக்கப் போகிறேன். ஸ்டிரைக்கரைக் குறியிலிருந்து கொஞ்சம் விலக்கி அடித்தேன். காயின் அப்படியே நின்றது. "அடச்சே" என்று நெற்றியில் வேறு அடித்துக்கொண்டேன். நடிப்பு நன்றாக வந்ததாகத்தான் எனக்குப் பட்டது.

"இன்னாணா இது? வேணும்னே வுட்டீங்க. திருப்பி அடிங்க" என்றாள் அவள்.

"இல்லம்மா, கை தவறிடுச்சி."

"எல்லாரும் பாத்துகினுதான கீறாங்க? அடிங்கண்ணா."

வேறு வழியில்லை. இந்த முறை ஒழுங்காகவே குறி பார்த்து அடித்தேன். காயின் விழுந்தது. அடுத்த நொடி அதன் பின்னாலேயே ஸ்டிரைக்கரும் உருண்டு குழிக்குள் போனது. ஃபவுல்! அறையில் எழுந்த கூச்சல் ரயில்வே ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். விழுந்த காயினையும் அபராதமாக இன்னொன்றையும் எடுத்து போர்டின் நடுவில் வைத்தார்கள்; எங்கள் கிளப் விதிப்படி ஆட்டம் அவள் கைக்குப் போனது. மிச்சமிருந்த தன் காயின்களை ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தாள்.

தோற்றதில் அவ்வளவு சந்தோஷப்பட்டவன் அந்த அறையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நான்தான் வுட்டுக் குடுத்தேனே, கம்முனு எடுத்துகினு போயிருக்கலாம் இல்ல? ஸ்டிரைக்கர் வுழாம இருந்திருந்தா உன் கதி இன்னா ஆகியிருக்கும்?"

அவள் கையிலிருந்த பவுடரைத் தட்டிவிட்டு, பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"வூட்டுக்குப் போயிருப்பேண்ணா. நீங்க வுட்டுக் குடுத்து நான் டீம்ல இருந்தா, அதுவும் உங்க ஆர்டர்தானே?"