பம்புச் சாவிக்கு ஒரு பட்டம்

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கத் தொடங்கியதும் ஜினசேன நைனார் புத்தகத்தை மூடிவிடுவார். வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும் சரிதான். எழுவாயை இன்றைக்குப் படித்துவிட்டுப் பயனிலையை நாளைக்கு வைத்துக்கொள்வார். சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும். சாப்பிட்ட பிறகு விளக்கடியில் உட்கார்ந்து படிக்கலாமே என்றால், விளக்கைத் தேடி ஈசல் வரும், விட்டில் வரும், வந்ததெல்லாம் சிம்னிக்குள் விழும். "நான் பாஸ் பண்றதுக்கு அதுங்க இன்னாத்துக்கு சாவணும்?" என்பார். பகலெல்லாம் கடை. ஆகவே செஞ்சியில் உயர்கல்வி என்பது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின், வாடிக்கைக்காரர்கள் கண்ணயரும் வேளையில், துவரம்பருப்பு மூட்டையின் மேல் நடந்து வருகிறது.

வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஒடிசலான உடம்பு, நெற்றி எங்கே முடிகிறது, வழுக்கை எங்கே தொடங்குகிறது என்று அவருக்கே தெரியாது. திருவண்ணாமலை ரோட்டில் மளிகைக் கடை. வெல்லத்தில் எறும்பு ஏறிவிட்டால் அதைத் தட்டி உதறமாட்டார். நிழலில் வைத்து, எறும்புகள் தாமாக மனம் மாறி இறங்கும்வரை காத்திருப்பார். வெல்லம் வாங்க வந்தவரும் காத்திருப்பார். இவ்வளவு சாவகாசமான மனிதருக்குப் பொதுமக்கள் பாதுகாப்பில் பட்டம் வாங்கியே தீருவது என்ற அவசரம் பிறந்ததற்குக் காரணம் ஒரு பம்பு.

சீனாக்காரன் சண்டைக்குப் பிறகு செஞ்சிக்கு ஒரு கைப்பம்பு வண்டி வந்து சேர்ந்தது. மராட்டியர், நவாபு, பிரெஞ்சுக்காரர், இங்கிலீஷ்காரர் என்று எல்லாரும் வந்து பிடித்த கோட்டையைச் சீனாக்காரன் மட்டும் விட்டுவைப்பானா என்று மேலிடத்தில் யாரோ கவலைப்பட்டிருக்க வேண்டும். குண்டு விழுந்தால் அணைப்பதற்காக வந்த அந்தச் சிவப்பு வண்டியை, பேர் சொல்ல வேண்டாத ஓர் ஆபீசின் கொட்டகையில் வைத்துப் பூட்டினார்கள். குண்டு இதுவரை விழவில்லை. ஆனால் வெயில் காலம் வந்தால் ஏரிக்கரைக் காலனியில் கூரை பற்றுவது தவறுவதில்லை. வெளியூரிலிருந்து தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்து சேரும்போது சாம்பல் ஆறியிருக்கும்.

முந்தின வருஷத்துத் தீயின்போது நைனார் அந்த ஆபீசுக்கு ஓடிப்போய்ச் சாவி கேட்டார்.

"பயிற்சி பெத்தவங்க கையிலதான் சாவி குடுக்கணும்னு ரூல் இருக்குது" என்றார் அதிகாரி.

"அந்த மாதிரி நம்மூர்ல யாரு சார் இருக்காங்க?"

"யாரும் இல்ல. அதனாலதான் சாவி பத்திரமா இருக்குது."

இருந்தாலும் அதிகாரிக்கு இளகிய மனசு. பாதுகாப்பு சம்பந்தமாக ஏதாவது ஒரு பட்டப் படிப்பில் சேர்ந்ததற்கு அத்தாட்சி கொண்டுவந்தால் போதும், முடிக்கக்கூட வேண்டாம், சாவி அவர் கையில் என்று வாக்குக் கொடுத்தார். நைனார் அன்றைக்கே படிப்பைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தார். இன்னும் தேர்ந்தெடுத்து முடியவில்லை என்பதுதான் இந்தச் சொற்சித்திரத்தின் விஷயம்.

தபால் வழியில் பட்டம் தருகிறோம் என்று வடக்கேயும் மேற்கேயும் அறிவிப்புக் கொடுத்த கல்லூரிகளுக்கெல்லாம் எழுதிப்போட்டார். அவர்களும் விவரப் புத்தகம் அனுப்பினார்கள். ஒவ்வொன்றையும் கொண்டுவந்து கொடுத்தவன் போஸ்ட்மேன் கன்னியப்பன். ஏரிக்கரைக் காலனிக்காரன், இரண்டு தடவை வீடு எரிந்து மறுபடி கூரை வேய்ந்தவன். ஆகையால் நைனாரின் படிப்பில் நைனாரைவிட அவனுக்கு அக்கறை.

"இன்னா நைனாரே, இந்தத் தபா எந்தப் படிப்பு?"

"போலீஸ் சாஸ்திரம், கன்னியப்பா. லத்தி சுத்தச் சொல்றான். அதுகூட பரவால்ல. ரெண்டாவது வருசம் துப்பாக்கி."

"தபால்ல தானே படிப்பு? யாரைச் சுடப் போறீங்க?"

"மனசால சுட்டாலும் சுட்டதுதாம்ப்பா."

அடுத்து வந்தது பொதுச் சுகாதாரப் பாதுகாப்பு. முதல் பாடமே கொசு ஒழிப்பு. இரண்டாவது பாடம் எலி. நைனார் மூன்றாவதைப் புரட்டிப் பார்க்கத் துணியவில்லை. கடைசியில் தீயணைப்புக் கலை வந்தது. இதில் லத்தி இல்லை, துப்பாக்கி இல்லை, எலிக்கும் ஆபத்தில்லை. தண்ணீர் ஊற்றுவது ஒன்றே வேலை. நைனார் முகத்தில் அப்படி ஒரு களையை அதற்கு முன் கண்டவரில்லை. விண்ணப்பத்தில் தகப்பனார் சம்மதக் கையெழுத்துக் கேட்டிருந்தார்கள். தகப்பனார் காலமாகிவிட்டதால் மனைவி அனந்தமதி போட்டாள். நன்னடத்தைச் சான்றுக்கு ஹெட்மாஸ்டர் பாண்டுரங்கனிடம் போனார். பள்ளிக்கூடத்தில் நைனாருக்குப் பின்பெஞ்சில் உட்கார்ந்தவர் அவர். 'பையன் நல்லவன், பெரியோர் சொல் கேட்பவன்' என்று எழுதிக் கொடுத்தார்.

கையெழுத்துப் போட உட்கார்ந்தபோதுதான் செய்முறைப் பரீட்சை கண்ணில் பட்டது. மாணவர் பழைய கீற்றுக் கொட்டகை ஒன்றைத் தாமே கொளுத்தி, தாமே அணைத்துக் காட்ட வேண்டுமாம்.

"அணைக்கிறதுக்கு மொதல்ல ஒரு தீய வெக்கணுமாம்!" என்று பேனாவை வைத்துவிட்டார். "பழைய கீத்துன்னா பல்லி இருக்கும், செலந்தி இருக்கும், முட்ட வெச்சிருக்கும்."

"ஏங்க, குடிக்கிற தண்ணி மாதிரி அந்தப் பம்புத் தண்ணியவும் வடிகட்டித்தான் அடிப்பீங்களா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் அனந்தமதி.

அதைப் பற்றியும் அவர் யோசித்து வைத்திருந்தார்.

கன்னியப்பன் பையை இறக்கி வைத்துவிட்டு நின்றான். "நைனாரே, சேந்தா போதும்னுதானே ஆபீசர் சொல்லிக்கிறாரு? கையெழுத்தப் போடுங்க. கொட்டாயக் கொளுத்தற அன்னிக்குப் பாத்துக்கலாம்."

"செய்ய மாட்டேன்னு தெரிஞ்சிகினே செய்றேன்னு கையெழுத்துப் போட்டா அது பொய்யில்லியா?"

"பொய்தான். அதுக்கின்னா இப்போ? வெய்யிலு வந்துகினு இருக்குது. பல்லிக்குப் பாக்கறீங்களே, எங்களுக்கும் கொஞ்சம் பாருங்க."

"உங்களுக்காகத்தானேப்பா படிக்கிறேன்."

"இன்னும் எங்க படிச்சீங்க?" என்று கன்னியப்பன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

நைனார் கல்லூரிக்கு ஒரு சந்தேகம் எழுதினார்: உயிர்கள் எதுவும் இல்லாத கொட்டகையைக் கொளுத்த அனுமதி உண்டா? கேள்வி அங்கே யாருக்கும் விளங்கவில்லை போலிருக்கிறது. பூச்சி சம்பந்தமானது என்று கண்டு, எங்கோ ஒரு விவசாய ஆபீசுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் பொறுப்பானவர்கள். கூரையில் உள்ள பூச்சிகளை மருந்தடித்து அடியோடு ஒழிக்கும் முறை பற்றி ஒரு துண்டுப் பிரசுரம் இலவசமாக அனுப்பிவைத்தார்கள். அது வந்து சேர்வதற்குள் அந்த வருஷத்துச் சேர்க்கை முடிந்துவிட்டது.

பங்குனி வெயிலில், நடுப்பகலில், காலனி பற்றியது. மேற்கத்திக் காற்று. நைனார் மூட்டையிலிருந்து குதித்து ஆபீசுக்கு ஓடினார். அதிகாரி முகாம் போயிருந்தார். பூட்டைப் பிடித்துக்கொண்டு நைனார் நின்றபோது கன்னியப்பன் கடப்பாரையோடு வந்தான். "நவுருங்க" என்றான். ஒரே நெம்பு. ஒரு வருஷமாகப் பட்டதாரிக்காகக் காத்திருந்த பூட்டு, எட்டாவது படித்தவனுக்குத் திறந்துகொண்டது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனார்கள். நைனார் செருப்பை உதறிவிட்டுப் பம்பைப் பிடித்து அடித்தார். வந்த நாளிலிருந்து சுருட்டியே கிடந்த குழாய் மடிப்புக்கு மடிப்பு விண்டு போயிருந்தது. தண்ணீர் முழுவதும் அவர் காலடியிலேயே கொட்டியது. அவர் அடித்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் கன்னியப்பனின் தங்கை மங்கை, உள்ளே கட்டியிருந்த ஆட்டை அவிழ்த்துவிட ஓடினாள். ஆடு வெளியே வந்துவிட்டது. கூரை இறங்கிவிட்டது.

பூட்டை உடைத்தது யார் என்று அந்த ஆபீஸ் விசாரணை நடத்தியது. இப்போது கொட்டகைக்கு முன்னதைவிடப் பெரிய பூட்டு. நைனார் கடைக்கு யார் வந்தாலும், கேட்காமலே சொல்கிறார்: "சாவி போன வருசமே கைக்கு வந்திருந்தா கொழாய ஒரு தபா பிரிச்சிப் பாத்திருப்பேன். பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்." சாமான் வாங்க வந்தவர்கள் 'ஆமாம் நைனாரே' என்று சொல்லிவிட்டு உளுந்து கேட்கிறார்கள்.

மங்கையின் காரியத்துக்கு முந்தின நாள் கன்னியப்பன் காக்கிச் சட்டையோடு கடைக்கு வந்தான். முதலில் பையிலிருந்து ஒரு தடித்த உறையை எடுத்து நீட்டினான்.

"உங்களுக்கு வந்துக்குது. குடுக்கறது என் வேல" என்றான். பிறகு, "பருப்பு ரெண்டு படி போடுங்க. நாளைக்குக் காரியம்."

நைனார் உறையைப் பிரித்தார். மழமழவென்ற தாளில் புதிய கல்லூரி ஒன்றின் விவரப் புத்தகம். அட்டையில் சிரித்துக்கொண்டிருக்கும் மாணவர்கள். அவர் படிக்கவில்லை. நடுப்பக்கத்தை அகலமாகக் கிழித்துக் கூம்பாகச் சுருட்டினார். பருப்பை அளந்து கொட்டி, வாயை மடித்து, நூல் சுற்றினார். அது போதாமல் இன்னொரு பக்கத்தைக் கிழித்தார். இரண்டாவது பொட்டலத்தையும் கட்டி முடித்து, இரண்டையும் சேர்த்து நீட்டினார். கன்னியப்பன் பிடித்துக்கொண்டான். நைனார் பிடியை விடவில்லை.