அறுநூறு ஓமில் கேட்ட மூச்சு

இது நடந்தது. எனக்குத்தான் நடந்தது. கேட்டுவிட்டு "வேலைப்பளு, எல்லாம் பிரமை" என்று சொன்னவர்கள் ஏற்கெனவே நாலு பேர் இருக்கிறார்கள். ஐந்தாவது ஆளாக நீங்களும் சேர்ந்துகொள்ளலாம், எனக்கு நஷ்டமில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இதில் நள்ளிரவு கிடையாது. நாய் ஊளையிடாது. கரண்ட் போகாது. எல்லாம் பட்டப்பகலில், விளக்கு எரிகிற அறைகளில் நடந்தது. நேரத்தையெல்லாம் அன்றன்றைக்கே எழுதி வைத்திருக்கிறேன்.

ஒலிப் புத்தகங்களைச் சுத்தம் செய்வது என் வேலை. ஒருவர் ஸ்டூடியோவில் உட்கார்ந்து புத்தகத்தை வாசிப்பார். நடுவில் இருமுவார், தடுமாறுவார், ஒரே வரியை மூன்று முறை படிப்பார். அதையெல்லாம் நான் வீட்டில் உட்கார்ந்து வெட்டி எடுப்பேன். வெட்டிய இடத்தை வெறுமையாக விட்டால் காது கண்டுபிடித்துவிடும். படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்து ஏமாறுவது போல இருக்கும். அதனால் அங்கே அந்த ஸ்டூடியோ அறையின் மௌனத்தை எடுத்து ஒட்டுவோம். தொழிலில் அதற்கு ரூம் டோன் என்று பெயர். வாசித்து முடித்ததும் வாசித்தவர் அதே நாற்காலியில் ஒரு நிமிடம் ஆடாமல் அசையாமல் உட்கார வேண்டும். அந்த ஒரு நிமிடத்தைப் பதிவு செய்து எங்களுக்குத் தருவார்கள்.

இந்தப் புத்தகத்துக்கு அது வரவில்லை. வாசித்தவர் கடைசி வரியைப் படித்த கையோடு எழுந்து போய்விட்டாராம். அவர் எப்போதுமே அப்படித்தான். என்னிடம் மூன்று வருடத்துக்கு முந்தைய ரூம் டோன் ஒன்று இருந்தது. அதே ஸ்டூடியோ, அதே மைக். நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒலிப்பதிவாளர் கொடுத்தது. "எல்லாத்துக்கும் இதையே போட்டுக்குங்க" என்றார். போட்டுக்கொண்டேன். இந்தப் புத்தகத்தின் முப்பத்தோரு அத்தியாயத்திலும் அதைத்தான் ஒட்டினேன். ஒட்டுவதற்கு முன் கேட்டுப் பார்த்தாயா என்றால், இல்லை. மௌனத்தை யார் கேட்டுப் பார்ப்பார்கள்?

புதன்கிழமை காலை 11.20. நிறுவனத்திலிருந்து மேடம் பேசினார்.

"நாலு, ஒன்பது, பன்னெண்டாவது அத்தியாயம். இடைவெளியில யாரோ மூச்சு விடறாங்க."

"வாசிச்சவரா இருக்கும் மேடம்."

"வாசிச்சது ஆம்பளை. இது பொம்பளை மூச்சு."

"என் காதுல ஒண்ணும் விழலையே."

"அப்போ காதை மாத்து. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள சரி பண்ணிக் குடு. இல்லன்னா புத்தகம் வேற ஆளுக்குப் போகும். அதோட உனக்கும் இங்க வேலை இல்ல."

என் அண்ணன் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறான். நான் எப்போது கவிழ்வேன் என்று மூன்று வருடமாகக் காத்திருப்பவன். எப்படித்தான் மூக்கு வேர்க்குமோ, அன்று மாலையே போன் செய்தான்.

"விளையாடினது போதும். இந்தப் புத்தகம் போச்சுன்னா திங்கக்கிழமை வந்து பில் எழுது."

"போகாது."

"பார்க்கலாம்."

"பாரு."

வீறாப்பாகப் பேசி வைத்துவிட்டேன். ஆனால் குறை எங்கே என்று எனக்குத் தெரியும். என் ஹெட்போன். ஒரு வானொலி நிலையத்தை மூடியபோது ஆசைப்பட்டு வாங்கியது. தலையணை மாதிரி மெத்தென்று காதை மூடும். லேப்டாப்பில் செருகினால், சத்தத்தை முழுக்க ஏற்றி வைத்தாலும், பக்கத்து வீட்டில் யாரோ பேசுவது போலக் கேட்கும். அது தெரிந்தும் வீம்புக்கு அதையே மாட்டிக்கொண்டு ஓட்டினேன்.

வியாழன் மதியம் 12.40. ஆடியோ கடை. கடைக்காரர் ஹெட்போனைத் திருப்பி, அதிலிருந்த எண்ணைப் படித்தார்.

"அறுநூறு ஓம் மின்தடையா! யாரும்மா இதை உங்க தலையில கட்டினது?"

"நானே கட்டிக்கிட்டது. இதுக்கு ஏத்த மாதிரி ஒரு பெட்டி குடுங்க. விலை கையைக் கடிக்கக் கூடாது."

கட்டைவிரல் அளவில் ஒரு சவுண்ட் கார்டை எடுத்தார், அவரே ஒதுக்கி வைத்தார். சின்ன இயர்போனுக்கு அது போதும், இந்த யானைக்குப் பத்தாது என்றார். அலமாரியில் இருந்த பெரிய ஆம்ப்ளிஃபயரை நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கடைசியில் உள்ளங்கை அளவு பெட்டி ஒன்று வந்தது. லேப்டாப்பில் செருகுவது. சவுண்ட் கார்டும் ஆம்ப்ளிஃபயரும் ஒன்றாக இருந்தன.

"அட்டையில பவர் பெருசா போட்டிருப்பான், அதைப் பார்த்து ஏமாறாதீங்க. அது முப்பத்திரண்டு ஓமுக்குப் போட்ட கணக்கு. உங்க அறுநூறுக்கு எத்தனை வோல்ட் தரும்னு கேளுங்க. இது நாலு வோல்ட் தரும், தாராளம்."

"எப்படி நம்பறது?"

"பாட்டைப் போட்டுப் பார்க்காதீங்க, பாட்டுல எல்லாப் பெட்டியும் நல்லாத்தான் இருக்கும். ஒண்ணுமே இல்லாத ஃபைல் எதாவது இருக்கா? அதைப் போட்டு முழுக்க ஏத்துங்க. இரைச்சல் வந்தா பெட்டி மட்டம்."

ஒன்றுமே இல்லாத ஃபைல். என்னிடம் இல்லாமலா? அந்த ரூம் டோனைப் போட்டேன். அவரே ஹெட்போனை மாட்டிக்கொண்டார். முதலில் தலையை ஆட்டினார். பிறகு ஆட்டுவதை நிறுத்தினார்.

"இரைச்சல் இல்ல," என்றார் மெதுவாக. "யாரோ மூச்சு விடறாங்க."

"எத்தனாவது செகண்ட்ல?"

"நாப்பத்தொண்ணு."

சும்மா சொல்லவில்லை, அவர் முகத்தில் ஈயாடவில்லை. நான் பேரம் பேசாமலே பெட்டியின் விலையைக் குறைத்துக் கொடுத்தார். சீக்கிரம் போனால் போதும் என்பது போல.

வீட்டுக்கு வந்தேன். மணி 3.10. ஜன்னல் திறந்திருந்தது, கீழே தெருவில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஹெட்போனை மாட்டி, ஃபைலைப் போட்டேன். இத்தனை நாள் நான் கேட்டதே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஏசியின் முனகல், சுவரின் அடர்த்தி, எல்லாம் காதுக்குள் வந்து உட்கார்ந்தன. கூடவே ஒரு மூச்சு.

நாற்பத்தொன்றாவது விநாடியில் இல்லை. முப்பத்து மூன்றில்.

கடைக்காரர் தப்பாகப் பார்த்திருப்பார் என்று நினைத்தேன். மறுபடி போட்டேன். இருபத்தாறில் வந்தது. காகிதத்தில் எழுதினேன். மறுபடி. பத்தொன்பது. திரையில் அலைக்கோடு கொஞ்சமும் மாறவில்லை, தட்டையாகத்தான் கிடந்தது. மூச்சு மட்டும் ஒவ்வொரு தடவையும் முன்னால் வந்துகொண்டிருந்தது...

3.26. நிறுத்தினேன். திரையில் ஃபைல் நின்றது.

மூச்சு நிற்கவில்லை.

இழுத்தது. விட்டது. இழுத்தது...

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வீசினேன். பயந்தேன், அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் பயத்தைவிட எனக்குக் கோபம்தான் அதிகமாக வந்தது. மூன்று வருட உழைப்பு. அண்ணனின் பில் புத்தகம். வாய்விட்டே சொன்னேன்:

"யாரா இருந்தாலும் சரி. நாளைக்கு ஆறு மணிக்கு நான் வேலையைக் குடுத்தாகணும். உனக்குப் பயந்துக்கிட்டு லாரி ஆபீஸ்ல போய் உட்கார மாட்டேன்."

வழி ஒன்றுதான் இருந்தது. அந்த அறையில் புது ரூம் டோன் எடுக்க வேண்டும். உட்கார யாரும் கிடைக்காவிட்டால் நானே உட்கார வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை 11.05. ஸ்டூடியோ. விஷயத்தைச் சொன்னதும் ஒலிப்பதிவாளர் தலையைச் சொறிந்தார்.

"பழசையே போடுங்களேன்."

"அதுல மூச்சு இருக்கு."

 என் பெட்டியையும் ஹெட்போனையும் பதிவு அறைக்குள் கொண்டுபோய் நானேதான் இணைத்தேன். மைக்கில் விழுவது எனக்கும் கேட்க வேண்டும், அவருடைய இணைப்பில் என் அறுநூறு ஓம் ஊமையாகிவிடும். ஒரு ஒயரைப் பிடிக்கக் கூப்பிட்டேன். அவர் வாசலோடு நின்றுகொண்டார். உள்ளே கால் வைக்கவே இல்லை.

"வாசிக்கிறவங்க எல்லாம் வர்றாங்கல்ல?"

"வாசிக்க வருவாங்க. சும்மா உட்கார மாட்டாங்க."

கதவை மூடினேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர். கையில் ஸ்டாப் வாட்ச். அந்தக் குளிரிலும் நெற்றியில் வியர்வை. என்னை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

11.31. சிவப்பு விளக்கு எரிந்தது.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இந்த ஒரு நிமிடத்தில் நான் அசையக் கூடாது. கத்தக் கூடாது. எச்சில் விழுங்கினால்கூட மைக் பிடித்துவிடும். பதிவு கெட்டால் புத்தகம் போச்சு. அந்த அறையில் இன்னொரு முறை உட்காரும் தெம்பு எனக்கு இருக்காது என்பதும் தெரியும்.

பத்து விநாடி. ஏசி முனகல் மட்டும்.

பதினெட்டு. நாற்காலி லேசாக முனகியது. நான் அசையவில்லை.

இருபத்து மூன்று. மூச்சு. என்னுடையதுதான் என்று நினைத்தேன். என் மூச்சை அடக்கிப் பார்த்தேன்.

அது நிற்கவில்லை.

முப்பது. வலது காதில் கேட்டது, இடது காதுக்குப் போனது. பின்னால் வந்தது.

முப்பத்தெட்டு. பிடரியில் காற்று பட்டது. ஹெட்போனில் இல்லை.

தோலில்.

நாற்பத்து நான்கு...

"முடிஞ்சுதா?"

பெண் குரல். ரொம்பத் தணிவாக. தொந்தரவு செய்கிறோமோ என்ற தயக்கத்தோடு.

பல்லைக் கடித்தேன்.

ஐம்பது.

"நான் எந்திரிக்கலாமா?"

அசைய மாட்டேன். அசைய மாட்டேன்.

ஐம்பத்தாறு.

தோளில் ஏதோ அழுத்தியது. எழுந்திருக்கப் பிடிமானம் தேடும் கை போல...

அறுபது.

"போதும்! போதும், எந்திரிங்க! எந்திரிங்கம்மா!" ஒலிப்பதிவாளர் மைக்கில் கத்தினார். ஒரு தடவை சொன்னால் போதாதா? மூன்று தடவை கத்தினார்.

வெளியே வந்து அவர் சட்டையைப் பிடிக்காத குறைதான். பதிவைப் போட்டுக் கேட்டேன். என் பெட்டியில், முழுச் சத்தத்தில், இரண்டு முறை. சுத்தமாக இருந்தது. குரல் இல்லை, மூச்சு இல்லை. ஆனால் அவர் சட்டை நனைந்திருந்தது.

"சொல்லுங்க," என்றேன். "உங்களுக்குத் தெரியும்."

சொன்னார். மூன்று வருடத்துக்கு முன் ஒரு அம்மா வாசிக்க வந்திருக்கிறார். கடைசி அத்தியாயம் முடிந்திருக்கிறது.

"ஒரு நிமிஷம் அசையாம உட்காருங்க, நான் சொன்னதும் எந்திரிங்கன்னேன். போன் வந்துது, வெளிய போனேன். பேச்சு சுவாரசியத்துல மறந்துட்டேன். நாப்பது நிமிஷம். திரும்பி வந்தா, சொன்ன மாதிரியே உட்கார்ந்திருக்காங்க. நிமிர்ந்து, கையை மடியில வெச்சுக்கிட்டு. போதும்மான்னேன். எந்திரிக்கல."

"நெஞ்சு வலியா?"

"அப்படித்தான் சொன்னாங்க. வலிச்சிருக்கும், கூப்பிட்டிருக்கலாம். பதிவு கெட்டுடும்னு பொறுத்துக்கிட்டாங்களோ என்னவோ."

 உயிர் இருந்தவரை அவருக்கு யாருமே "போதும்" என்று சொல்லவில்லை. என் வேலைக்காக, எங்களைப் போன்றவர்கள் வேலைக்காக, அந்த அம்மா அசையாமல் செத்திருக்கிறார். ஒலிப்பதிவாளர் தடுத்தார். தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தேன். காலியான நாற்காலிக்கு முன்னால் நின்று, ஸ்டூடியோ முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்:

"முடிஞ்சுதும்மா. ரொம்ப நல்லா வந்திருக்கு. எந்திரிங்க. வீட்டுக்குப் போங்க."

ஒன்றும் நடக்கவில்லை. நாற்காலி ஆடவில்லை, விளக்கு மினுங்கவில்லை. நான் பெட்டியையும் ஹெட்போனையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

புது ரூம் டோனை முப்பத்தோரு அத்தியாயத்திலும் மாற்றினேன். 5.40-க்கு அனுப்பினேன். 5.52-க்கு மேடத்திடமிருந்து பதில்: அந்த மூன்று அத்தியாயமும் சுத்தமாக இருக்கிறது, அடுத்த புத்தகம் திங்கட்கிழமை வரும். அதை அப்படியே அண்ணனுக்கு அனுப்பினேன். இன்றுவரை அவன் பதில் போடவில்லை.

ஒரு கேள்வி மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. மாலை 6.15-க்கு ஒலிப்பதிவாளரைக் கூப்பிட்டேன்.

"எங்கிட்ட இருந்த பழைய ஃபைல் அன்னிக்கு எடுத்ததா?"

"ஆமா. நாப்பது நிமிஷமும் பதிவாகிட்டே இருந்துது. அதுக்கப்புறம் அங்க யாரும் சும்மா உட்காரச் சம்மதிக்கல. அதனால அதுலயிருந்தே ஒரு நிமிஷத்தை வெட்டி உங்களுக்குக் குடுத்தேன்."

"அப்போ அந்த மூச்சு அவங்க உயிரோட இருந்தப்ப விட்டதுதானே? முதல் நிமிஷத்துல?"



"முதல் அஞ்சு நிமிஷத்துலயே போயிட்டாங்கன்னு டாக்டர் சொன்னார். அதுவரைக்கும் துணி உரசுற சத்தம், நாற்காலி சத்தம் எல்லாம் இருந்துது. அது உங்களுக்கு உதவாது. சுத்தமா எதுவுமே இல்லாத இடமாப் பார்த்துத்தான் வெட்டினேன்."

"எந்த இடம்?"

"முப்பத்தொன்பதாவது நிமிஷம்."