ஒளித்துவைத்த திறப்பு

தாதியாகத் தேறி, எங்கள் தீவு ஆசுப்பத்திரியில் சேர்ந்த புதிது. மருந்து அலுமாரியைப் பூட்டி, திறப்பை ஒளித்துவைத்து என்னை அலையவிடுவது மூத்த தாதிமாருக்கு வழக்கம். கேட்டால், "எங்களுக்கும் இப்பிடித்தான் செய்தவை" என்பார்கள். விளையாட்டாம்!

ஒரு மத்தியானம், வீட்டில் பிள்ளை பெற்ற பெண்ணொருத்தியை நயினாதீவிலிருந்து வள்ளத்தில் கொண்டுவந்தார்கள். இரத்தம் நிற்கவில்லை. டாக்குத்தர் ஊசிமருந்து கேட்டார். ஓடினேன். அலுமாரி பூட்டியிருந்தது.

"அக்கா, திறப்பைத் தாங்கோ. ஒரு உயிர் போகப்போகுது!"

தேநீர் குடித்துக்கொண்டிருந்த மூத்த தாதி நிமிரவேயில்லை. "வடிவாத் தேடும், கிடைக்கும்."

கதிரையைத் தூக்கி அலுமாரிக் கண்ணாடியில் அடித்தேன். மருந்தை எடுத்த கை கிழிந்தது. அந்தப் பெண் பிழைத்தாள்.

இப்போது நானும் மூத்தவள். புதிதாக ஒரு பிள்ளை வேலைக்கு வந்தால், பெயரைக் கேட்பதற்கு முன்பே திறப்பை அவள் கையில் கொடுத்துவிடுகிறேன்.