நேராக நடந்த நண்டு

வீட்டளவு பெரிய நண்டு ஒன்று கடலுக்குள்ளிருந்து எழும்பி நேராக நடந்து வரும். சுட்டால் தகரத்தில் கல் விழுந்தது போலச் சத்தம் கேட்கும். செத்ததும் கால்களை மேலே தூக்கிக்கொண்டு, சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிய தரையில் வழுக்குவது போலத் தெருக் கடைசி வரைக்கும் வழுக்கிப்போய் ஒரு மாடிக் கட்டடத்தில் முட்டும். கட்டடம் அட்டைப்பெட்டி மாதிரி மடிந்து விழும். கிழக்குக் கரையில், ஆரையம்பதியில் எங்கள் வீட்டு முன்னறையில், ஒரு சின்ன டிவியில், என் மச்சாள் அந்த நண்டுகளைச் சுட்டுக்கொண்டிருந்தாள். அது 2006ஆம் ஆண்டு. வெளியே உண்மையான யுத்தம் மறுபடி தொடங்கியிருந்தது.

மச்சாள் என் அண்ணனின் மனைவி. தாய் தகப்பன் இல்லாதவள். வீடு கட்ட வேண்டும் என்று குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அவள் போய் எட்டாம் மாதம் கடல் வந்தது. சுனாமி என்ற சொல்லை நாங்கள் பிறகுதான் அறிந்தோம். இன்றைக்கும் எங்கள் வாயில் வருவது ‘கடல் வந்த அன்று’ என்பதுதான். அண்ணன் அன்று காலை கரைவலை இழுக்கப் போயிருந்தான். அவனுடைய உடம்புகூடக் கிடைக்கவில்லை. எங்கள் வீடு வாவிப் பக்கம் இருந்ததால் அம்மாவும் நானும் தப்பினோம். மச்சாளுக்குச் செய்தி சொல்ல ஐந்து நாட்களாயின. ஒப்பந்தம் முடியும்வரை அவளை அனுப்ப அந்த வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை.

திரும்பி வந்தபோது அவளுடைய பெட்டியில் சவர்க்காரம், பால்மா, படுக்கை விரிப்புகள். விரிப்புகளுக்கு அடியில் ஒரு பழைய வீடியோ கேம் பெட்டியும் இரண்டு கொன்ட்ரோலர்களும் ஒரேயொரு சீடியும் இருந்தன. அந்த வீட்டுப் பிள்ளை தனக்குப் புதியது வந்ததும் இதை அவளுக்குக் கொடுத்துவிட்டதாம்.

தினமும் மத்தியானச் சமையல் முடிந்ததும் அவள் டிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள். எங்கள் முன்னால் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. புருசனைக் கடலுக்குக் கொடுத்தவள் வெடிச்சத்தம் கேட்டுச் சிரிக்கிறாளே என்று குசினி அடுப்படியிலிருந்து எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லுவாள். நானும் கோபத்தோடுதான் இருந்தேன். பாலர் பாடசாலையில் படிப்பித்துவிட்டு வரும் நேரம் அந்தச் சத்தம் ஒழுங்கை முனையிலேயே கேட்கும். ஆனால் இரண்டாவது கொன்ட்ரோலர் சும்மா கிடந்ததால் ஒருநாள் நானும் உட்கார்ந்தேன்.

அவ்வளவு மோசமாகச் செய்யப்பட்ட ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. யாருக்கும் நிழல் இல்லை. எங்களோடு நிற்கும் சிப்பாய்கள், பள்ளிக்கூட நாடகத்தில் வசனம் ஒப்பிக்கிற பிள்ளைகளைப் போல, அதே நான்கு வசனங்களை ஆங்கிலத்தில் கத்துவார்கள். தெருவில் ஒரே நீலச் சட்டைக்காரன் இருபது பேராக ஓடுவான். அவன் செத்தாலும் தப்பினாலும் புள்ளி கூடாது, குறையாது. ஆனால் மச்சாள் ஒவ்வொரு முறையும் நண்டுக்கும் அவனுக்கும் நடுவில் போய் நிற்பாள். அதனாலேயே நாங்கள் தோற்றுப்போவோம். விட்டுவிட்டு வா என்று நான் கத்தினாலும் வரமாட்டாள்.

ஒருநாள் மழைச் சத்தத்துக்கு மேலாக அவள் டிவியைக் கூட்டி வைத்திருந்தாள். ரோந்து போன ஆமிக்காரர் நால்வர் வெடிச்சத்தம் கேட்டு வேலியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார்கள். துப்பாக்கிகள் எங்கள் பக்கம் திரும்பியிருந்தன. மச்சாள் கொன்ட்ரோலரோடு கைகளை உயர்த்தினாள். டிவியில் நண்டு நடந்து வந்துகொண்டேயிருந்தது. ஒருவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொன்னான், இன்னொருவன் சிரித்தான். மூத்தவன் சிரிக்கவில்லை. அடையாள அட்டைகளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சத்தம் வேண்டாம் என்று கொச்சைத் தமிழில் சொல்லிவிட்டுப் போனான்.

அவர்கள் போனதும் அம்மா வயரைப் பிடுங்கினாள்.

“ஒரு புள்ளயக் குடுத்திட்டன். இந்தச் சனியனால மத்ததையும் குடுக்கவா?”

மச்சாள் நிலத்தைப் பார்த்தபடி எங்களிடம் ஒருநாளும் சொல்லாததைச் சொன்னாள். கடல் வந்ததை அவள் குவைத்தில் டிவியில்தான் பார்த்திருக்கிறாள். எந்த ஊர் என்று விளங்குவதற்குள் அந்தப் பிள்ளை டிவியில் கேமைப் போட்டுவிட்டு, மற்ற கொன்ட்ரோலரை அவள் கையில் கொடுத்ததாம். விளையாட மாட்டேன் என்று சொல்ல அவளால் முடியவில்லை.

“இதுல வாறது இன்னதெண்டு தெரியும் மாமி. தூரத்துலயே காணலாம். சுட்டா விழும். அவருக்கு வந்தது அப்பிடி வரயில்லயே.”

அம்மா குசினிக்குப் போய்விட்டாள். அடுத்த நாள் மத்தியானம் அவளே வயரைச் செருகி, சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டு, சுளகில் அரிசியோடு எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தவள், “நண்டு எங்கயாவது நேரா நடக்குமா?” என்று கேட்டாள். மச்சாளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. அண்ணன் போனபின் மூவரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

சத்தமில்லாததால் பின்னால் வருவது எங்களுக்குத் தெரியாது. ஆகவே அம்மா காவல்காரியானாள். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, “பின்னுக்கு ஒண்டு வருது புள்ள” என்பாள். நீலச் சட்டைக்காரனுக்காக மச்சாள் நிற்பதையும் கவனித்திருக்கிறாள். ஒருநாள் மெதுவாகச் சொன்னாள்:

“அவன் போகட்டும் மகள். நீ உன்னப் பாரு.”

மச்சாள் கொன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு அழத் தொடங்கினாள். அம்மா அவளைத் தேற்றவில்லை. சுளகைத் தள்ளிவைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தாள், அவ்வளவுதான்.

அந்த விளையாட்டில் அப்படி என்ன இருந்தது என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். யார் யாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், எதற்காக என்று யாரும் வாய் திறந்து கேட்காத காலம் அது. வருகிறவன் முகத்தில் அவன் யார் என்று எழுதியிருக்காது. டிவிக்குள்ளே பூதத்துக்குப் பூதத்தின் முகம் இருந்தது. அதுவும் பிளாஸ்டிக் பூதம்.

மூன்று வருடம் கழித்து யுத்தம் முடிந்து டவுனில் பட்டாசு கொளுத்தியபோது அந்தப் பெட்டி கரண்டு கூடிக் குறைந்ததில் ஏற்கெனவே பழுதாகியிருந்தது. மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். அடுத்த வருடம் அம்மாவே மச்சாளுக்கு வாகரையில் மாப்பிள்ளை பார்த்தாள். அவர் லொறி ஓட்டுகிறவர்; அதே கடலுக்கு மனைவியைக் கொடுத்தவர். மருமகளுக்குத் தாலி கட்டிக் கொடுக்கிறாளே என்று ஊரில் கதைத்தார்கள். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அம்மா இப்போது இல்லை. மச்சாள் ஒவ்வொரு மார்கழியும் அண்ணனின் திதிக்கு வருகிறாள். போன முறை வந்தபோது என் மகள் தன் புதிய கேமைக் காட்ட அவளை இழுத்துப்போய் உட்கார வைத்தாள். பெரிய திரை. கடல் உள்வாங்கியது, ஈர மணலில் மீன்கள் துடித்தன, தூரத்தில் ஒரு கோடு எழும்பியது. மச்சாள் அதுவரைதான் பார்த்தாள்.

“இது நல்லாச் செஞ்சிருக்காங்க,” என்றாள். “எனக்கு வேணாம் மகள்.”