ரிவர்ஸ் விளக்கோடு கடலூர் வரை

இரண்டு வருடத்துக்கு முன்பு, கரும்பு அரவைக் காலம். சிதம்பரம் சுற்றுப்பட்டு ஊர்களில் கரும்பு ஏற்றி, கடலூர் வழியாக நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கொண்டுபோகும் லாரி என்னுடையது. ஓட்டுவதும் நானே.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. கரும்பு லாரி போனால் பின்னாலிருந்து ஒரு கழியை உருவாமல் விடமாட்டார்கள். பைக்கில் வருபவர் உருவுவார், வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர் உருவுவார், ஆபீஸ் பை மாட்டியவரும் உருவுவார். யாரும் அதைத் திருட்டு என்று நினைப்பதில்லை. எனக்கும் கோபம் வந்ததில்லை.

அதற்கு முந்தைய வருடம் பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்த ஒருவர், ஓடும் என் வண்டியிலிருந்து கழியை இழுத்திருக்கிறார். அது சட்டென்று கையோடு வர, அவர் ரோட்டில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. எனக்கு ஒன்றும் தெரியாது. பாட்டுக் கேட்டபடி நான்கு கிலோமீட்டர் போயிருக்கிறேன். யாரோ முந்தி வந்து மறித்துச் சொன்ன பிறகுதான் நிறுத்தினேன். என்மேல் தப்பில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அன்றிலிருந்து ஸ்டீயரிங் முன்னால் இருக்கும், மனசு முதுகுக்குப் பின்னாலேயே இருக்கும். கண்ணாடியில் பார்த்தால் பக்கவாட்டில் வயல் ஓடும், பனை ஓடும், வானம் ஓடும். நேர் பின்னால் மட்டும் இருட்டு. இப்படியே ஓட்ட முடியாது, வண்டியை விற்றுவிடலாம் என்றுகூட முடிவு செய்திருந்தேன்.

சிதம்பரத்தில் என் மச்சான் ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருக்கிறார். அவர்தான் கடைசியாக ஒரு யோசனை சொன்னார்.

"ரிவர்ஸ் கேமராதான் ஏற்கெனவே இருக்குதே மாமா. ரிவர்ஸ் கியர் போட்டாத்தான் வேலை செய்யுது. ஓடும்போதும் தெரியற மாதிரி பண்ணிட்டா போச்சு."

சாவி போட்டதும் வரும் கரண்டை ஒரு புது ஒயரில் பின்பக்கம் கொண்டுபோய், கேமராவுக்கு வரும் ஒயரோடு முடிச்சுப் போட்டார். இருவரும் கேபினில் ஏறிச் சாவியைத் திருப்பினோம். திரையில் கடை வாசலும் தெருவும் பளிச்சென்று தெரிந்தன. கைதட்டாத குறைதான். டீ குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் முழு பாரத்தோடு, பொழுது சாயும் நேரத்தில் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை நெருங்கும்போது ஒரு ஜீப் முந்தி வந்து குறுக்கே நின்றது. போக்குவரத்து ஆய்வாளர், பெண். என் வயதுதான் இருக்கும்.

"ரிவர்ஸ்லயே கடலூர் வரைக்கும் போறதா உத்தேசமா?" என்றார்.

"இல்ல மேடம், நேராத்தான் போறேன்."

"நீங்க நேராத்தான் போறீங்க. உங்க லைட்டு பின்னால வரேன்னு சொல்லுது. எங்க டிரைவரு மூணு தடவ பிரேக் அடிச்சிட்டாரு."

இறங்கிப் போய்ப் பார்த்தேன். ரிவர்ஸ் விளக்கு வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. கேமராவுக்கு வரும் ஒயர், ரிவர்ஸ் விளக்கின் ஒயரிலிருந்தே பிரிந்து வந்தது. நாங்கள் கொடுத்த கரண்ட் விளக்குக்கும் போய்விட்டது. பின்னால் என்ன தெரிகிறது என்று கேபினில் உட்கார்ந்து அத்தனை ஆசையாகப் பார்த்த இரண்டு பேரில் ஒருவர்கூடப் பின்னால் போய் நின்று பார்க்கவில்லை. யாரும் விழக்கூடாது என்று செய்த வேலை, சிதம்பரத்திலிருந்து வந்த அத்தனை பேரையும் பயமுறுத்தியிருக்கிறது.

அவர் கேபினில் எட்டிப் பார்த்தார். "டிரைவர் கண்ணு முன்னாடி டிவியா? அதுல பென்டிரைவ் வேற. இதக் கழட்டுங்க."

அபராதத்துக்கு நான் பயப்படவில்லை. கழற்று என்றதும்தான் பயம் வந்தது. விழுந்தவரைப் பற்றிச் சொன்னேன். கோர்வையாகச் சொல்ல வரவில்லை. "கழட்டித்தான் ஆகணும்னா லைசென்ஸையும் சேத்து வாங்கிக்குங்க மேடம். பின்னால தெரியாம இனிமே என்னால ஓட்ட முடியாது. ஒரு நிமிஷம் நீங்களே உக்காந்து பாருங்க."

என்ன நினைத்தாரோ, ஏறி என் இருக்கையில் உட்கார்ந்தார். நான் படியில் தொற்றிக்கொண்டு சாவியைத் திருப்பினேன். திரை விழித்தது.

அதில் அவருடைய ஜீப் டிரைவர். ஒரு காலை என் பம்பரில் ஊன்றி, இரண்டு கையாலும் ஒரு கழியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். வரவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தார். திரும்பவும் இழுத்தார்.

ஆய்வாளர் திரைப் பக்கம் குனிந்து பார்த்தார். பிறகு ஏர்ஹாரனை அழுத்தினார். திரைக்குள் அந்த மனிதர் ஓரடி துள்ளியதை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. கழியும் அப்போதுதான் கையோடு வந்தது.

"இப்ப வண்டி ஓடிட்டிருந்தா?" என்றார் மெதுவாக. என்னிடம் கேட்ட மாதிரி தெரியவில்லை.

கீழே இறங்கியதும் கறாராகச் சொன்னார். "படம் பாக்கறது வேற, ரோட்டப் பாக்கறது வேற. இந்தத் திரையில பின்பக்கம் தவிர வேற எதுவும் தெரியக்கூடாது. பென்டிரைவ் போடற எடத்த அடச்சிடுங்க. பார்வைய மறைக்காம ஓரமா வைங்க. வெள்ளை லைட்டு ரிவர்ஸ் போட்டா மட்டும் எரியணும். இங்கியே சரிபண்ணிட்டுத்தான் வண்டி நகரணும்."

விளக்குக்கு அபராதம் எழுதினார். தலையாட்டி வாங்கிக்கொண்டேன்.

மச்சானுக்குப் போன் போட்டேன். "ஐயோ மாமா, விளக்க மறந்துட்டனே" என்று தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் போனிலேயே கேட்டது. அவர் சொல்லச் சொல்ல, வண்டிக்கடியில் படுத்து, விளக்கின் ஒயரிலிருந்து கேமராவை அறுத்துப் பிரித்தேன். புது ஒயரிலேயே ஃபியூஸ் வைத்துத் தனியாக இணைத்தேன். இந்தத் தடவை பின்னால் ஆள் நிற்க வேண்டுமே. ஜீப் டிரைவரே நின்றார், கையில் கரும்போடு.

"விளக்கு எரியுதாண்ணே?"

"எரியல. கேமரா தெரியுதா?"

"தெரியுது. நீங்க கடிக்கறதும் தெரியுது."

ஆய்வாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

அடுத்த பத்து நாளுக்குள், புதுச்சத்திரம் தாண்டி ஒரு மத்தியானம். ஓரமாக மாற்றி வைத்த திரையில் ஒரு மொபெட் நெருங்கியது. பின்னால் உட்கார்ந்திருந்த பெண் எட்டி ஒரு கழியைப் பிடித்துவிட்டாள். பிரேக்கைத் தொட்டிருந்தால் வண்டி மேலேயே மோதியிருப்பார்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்து, லாரியைத் தானாகத் தளரவிட்டேன். மொபெட்டும் கூடவே தளர்ந்தது. அவள் கையை விட்டாள். ஓரம் கட்டி இறங்கினேன். அடிக்கத்தான் வருகிறேன் என்று புருஷன்காரர் மொபெட்டைத் திருப்பப் பார்த்தார்.

"வேணும்னா கைய காட்டும்மா, நிறுத்தறேன். ஓடற வண்டியில இழுக்காதே" என்று, கேபினில் எனக்காக வைத்திருந்த கழியை எடுத்துக் கொடுத்தேன்.

"டிரைவருக்குப் பின்னாடியும் கண்ணு இருக்குதுங்க" என்று அவள் புருஷனிடம் சொல்லிச் சிரித்தாள்.

கிளம்பினேன். உப்புக்காற்று முகத்தில் அடித்தது. திரையில், கரும்பைத் தோளில் சாய்த்தபடி ரோட்டோரம் நின்ற அந்தப் பெண் சின்னதாகிக்கொண்டே போனாள். வண்டியை விற்கும் நினைப்பு அதோடு போயிற்று. எத்தனையோ டன் பாரத்தை நான் ஆலையில் இறக்கியிருக்கிறேன். ஆனால் ஒரு மனுஷி தன் இரண்டு காலில் நின்றபடியே எனக்குப் பின்னால் புள்ளியாகி மறைந்ததைத்தான் இன்றுவரை என் தொழிலில் நான் ஜெயித்த நாளாக நினைக்கிறேன்.