குதிரைவாலி பரப்பிய சாலை

காலை பத்து நாற்பது. திருச்சுழி தாண்டி நரிக்குடி போகும் பஸ் ஒரு பக்கமாக வழுக்கி நிமிர்கிறது. எட்டிப் பார்க்கிறேன். வண்டிச் சக்கரத்தில் மிதிபட்டு மணி உதிரட்டும் என்று சாலை முழுக்கக் குதிரைவாலிக் கதிரைப் பரப்பியிருக்கிறார்கள். இதே சாலையில் என் மகள் பைக்கில் தனியாக வருகிறாள். அவள் பின்னால் உட்காரத் தைரியம் இல்லாமல்தான் நான் அருப்புக்கோட்டையில் பஸ் ஏறினேன்.

போனில் சிக்னல் இல்லை. நடத்துநரிடம் கெஞ்சி அங்கேயே இறங்கி, ஒரு பைக் போகும் அகலத்துக்குக் கதிரை ஒதுக்கத் தொடங்குகிறேன்.

"ஏக்கா, காயப் போட்டத ஏன் கலைக்கிறீக?" கதிரைப் புரட்டிக்கொண்டிருந்த பெண் ஓடி வருகிறார்.

"என் மக பைக்குல வர்றா. வழுக்கிருமே."

"ஓட்டத் தெரிஞ்சா ஏன் வழுக்குது? செத்த முன்னாடிகூட ஹெல்மெட்டு போட்ட தம்பி ஒருத்தரு ரெண்டு காலையும் ஊண்டி அலுங்காமப் போனாரு."

அந்தப் பக்குவம் என் மகளுக்கு ஏது என்று மறுபடி குனிகிறேன். உள்ளங்கையெல்லாம் கதிரின் சுனை ஒட்டி அரிக்கிறது. திருச்சுழிப் பக்கமிருந்து யாரும் வரவில்லை.

அரை மணி கழித்து நரிக்குடிப் பக்கமிருந்து ஒரு பைக் வருகிறது. கதிரைக் கண்டதும் வேகம் குறைத்து, இரண்டு கால்களையும் ஊன்றி நகர்ந்து, என் முன்னால் நிற்கிறது. ஹெல்மெட்டைக் கழற்றுவது என் மகள். திருச்சுழியில் பஸ் நின்றபோதே முந்திப் போயிருக்கிறாள்.

"அந்தத் தம்பி இந்தப் பிள்ளதானா!" அந்தப் பெண் வாயில் கை வைக்கிறார்.

மகளின் முகம் வெளிறியிருக்கிறது.

"நரிக்குடிக்கு பஸ்ஸு வந்துச்சு, அதுல நீ இல்லம்மா. எனக்கு உசுரே போயிருச்சு. இனி உன்னையத் தனியா விட மாட்டேன். பின்னால ஏறு."