கருவாடு போட்ட பேக்

யட்டியாந்தோட்டை பஜாரில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. குடைக்குக் கம்பி மாற்றுவேன், சப்பாத்துக்கு அடி ஒட்டுவேன், ஸ்கூல் பேக்குக்கு ஸிப் போடுவேன். ஆனால் கொஞ்ச வருசமாக, கிதுல்கலப் பக்கம் உல்லாசம் போகிற கொழும்புக்காரர்கள் காரை நிறுத்தி, அம்மாவுடையது, பெரியம்மாவுடையது என்று பழைய தோல் கைப்பைகளை என் மேசையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒன்றில் பூஞ்சணம், ஒன்றில் கொக்கி பச்சை பூத்திருக்கும், ஒன்றில் பிடி அறுந்திருக்கும். புதுசு வாங்கினால் என்ன என்று நான் கேட்கமாட்டேன். கேட்டால் எனக்குத்தான் சோறு இல்லை. கொழும்புப் பக்கம் ஒரு தோல் பட்டறையில் பதினாலு வருசம் குனிந்து கிடந்ததில் கற்ற வித்தை இது ஒன்றுதான். மற்ற வித்தையெல்லாம் வாயில்.

போன மழைக்காலத்தில் ஒரு நோனா, பெரிய இடத்துச் சிங்கள அம்மா, வந்தார். தெஹியோவிட்டப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துப் பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து ஹோட்டலாக்கிக்கொண்டிருந்தார். அங்கே பழைய அலுமாரியில் கிடந்ததாம் என்று ஒரு காப்பிக்கலர் கைப்பையை எடுத்து வைத்தார். திறப்பு விழாவுக்குப் பதினைந்து நாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போகிறார்.

“பாஸ் உன்னஹே, இதுக்கு உயிர் குடுங்க,” என்றார் சிங்களத்தில். கைவேலைக்காரரை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

தோட்டத்தின் பெயரைச் சொன்னார். கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தேன். கொக்கியை அமுக்கிப் பையைத் திறந்தேன். உள்ளேயிருந்து புகை வாசம் மூக்கில் அடித்தது.

“நீங்க எந்தப் பக்கம்?” என்று சும்மாதான் கேட்டார். செக்பொயின்ட்டில் அடையாள அட்டை கேட்ட மாதிரி எனக்கு வேர்த்துவிட்டது. “அவிசாவளை நோனா,” என்றேன். அத்தோடு விட்டேனா? “பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, ரெண்டாவது ஒழுங்கை,” என்று இல்லாத வீட்டுக்கு விலாசமும் கொடுத்தேன். பொய் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு அளவு தெரியாது.

நான் பிறந்தது அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அந்தப் பையைக் கெடுத்தவர் என் அப்பா.

அப்பாவுக்கு அப்போது ஸ்மோக் ஹவுஸில் வேலை. ரப்பர் பாலை உறையவைத்து, தட்டி ஷீட்டாக்கி, கழிகளில் தொங்கவிட்டு நாலு நாள் விறகுப் புகையில் காயவைக்கிற கட்டடம் அது. எங்கள் பக்கத்து மழையை அனுபவித்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். மாசக்கணக்கில் பெய்யும். தோட்டத்திலேயே ஈரமில்லாத இடம் அது ஒன்றுதான். அதனால் லயத்துப் பொம்பளைகள் பிள்ளைத்துணி, ஸ்கூல் சட்டை, கம்பளி எல்லாவற்றையும் அப்பாவிடம் கொடுத்து, ஒரு மூலையில் காயவைத்து வாங்கிக்கொள்வார்கள். வகுப்பில் நாங்கள் எல்லோருமே புகைந்த வாசத்தோடுதான் உட்கார்ந்திருப்போம். எவனும் எவனையும் குறை சொல்ல முடியாது.

அந்த வருசம் தோட்டத்துத் தொரையின் மனைவி தொரைசானியின் கைப்பையில் பூஞ்சணம் பிடித்தது. லண்டனிலிருந்து வந்த பை. பங்களாவில் சமைக்கிற அப்பு அதைத் தூக்கிக்கொண்டு வந்து, “அண்ணே, காய வச்சுக் குடுங்க, தொரைசானிதான் சொன்னாங்க,” என்றார். அப்பாவுக்கு அதில் பெருமைகூட இருந்திருக்கும். மூலையில் பிள்ளைத்துணியோடு போடாமல், நடுவில், நல்ல ஷீட்டுகளுக்கு மத்தியில் தொங்கவிட்டார். நாலு நாள். தோல் ஒன்றும் ரப்பர் இல்லை என்று அவருக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

பை திரும்பிப் போனபோது பூஞ்சணம் சுத்தமாக இல்லை. ஆனால் பிடி முறுக்கிக்கொண்டு, வாய் ஒரு பக்கம் கோணி, தோல் இறுகிக் கிடந்தது. வாசம் சொல்லவே வேண்டாம்.

ஆபீசுக்கு முன்னால் நிறுத்தி விசாரித்தார்கள். தொரை முதலில் அப்புவைத்தான் கேட்டார். அப்பு, “எனக்குத் தெரியாதுங்க தொரை,” என்றார். அப்பா அவர் முகத்தைப் பார்த்தார். மறுநாள் அவரை ஸ்மோக் ஹவுஸிலிருந்து எடுத்து, மலைக்குப் பால்வெட்ட அனுப்பினார்கள். கூரையும் கணகணப்பும் உள்ள வேலை போய், அட்டைக்கடியும் மழையும் உள்ள வேலை.

அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். லயத்து வாய்தான் விடவில்லை. “என்னாப்பா, தொரைசானி பேக்க கருவாடு போட்டுட்டியாமே?” என்று எவனோ ஒருவன் ஆரம்பித்தான். ஒரு வாரத்தில் அப்பாவின் பெயரே கருவாடு. நான் கருவாட்டுக் குட்டி. ஸ்கூலில் மற்றவன் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிச் சிரிக்கப் பழகினேன். நான் பெரிய பகிடிக்காரன் என்று இன்றைக்கு ஊரில் பேர். அந்தப் பேருக்கு மூலதனம் அதுதான். அப்பா செத்த அன்று, பந்தலில் ஒரு பெரியவர் உண்மையான வருத்தத்தோடு, “கருவாட்டண்ணன் போயிட்டாரே,” என்று அழுதார். அவருக்கு அப்பாவின் சொந்தப் பெயர் நினைவில் இல்லை.

ஆகவே பை வந்த அன்று நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இதில் புகை வாசம் ஒரு துளிகூட இருக்கக்கூடாது. அப்பா கெடுத்ததை நான் சரி செய்து கொடுத்துவிட்டால், எங்கேயோ யாரோ ஒரு பெரிய புத்தகத்தில் சிவப்பு மையால் கோடு கிழித்துவிடுவார்கள் என்று நினைப்பு. யார், எந்தப் புத்தகம் என்றெல்லாம் கேட்காதீர்கள்.

பயத்தில் முதல் நாள் பையைத் தொடவே இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் மேசைமேல் வைத்துச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

“ஏங்க, அது பையிங்க, பாம்பில்ல,” என்றாள் மனைவி.

“ஒனக்குத் தெரியாது. இது எங்க குடும்பத்தையே கடிச்ச பையி.”

“அப்ப வெளிய வைங்க. எனக்குப் புள்ளைங்க இருக்கு.”

மறுநாள் மென்மையான தூரிகையால் தூசி தட்டினேன். உள்துணியின் தையலைப் பிரித்து, கழற்றி, தனியாக அலசினேன். தோலை வினாகிரி கலந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தேன். ஒவ்வொரு துடைப்புக்கும் துணி தேயிலைச் சாயம் மாதிரிப் பழுப்பாக வந்தது. நாற்பது வருசப் புகை. கொக்கியைப் புளி போட்டுத் தேய்த்தேன். முறுக்கிய பிடியைக் கொஞ்சமாக ஈரப்படுத்தி, ஒரு குடைக்கம்புமேல் வளைத்துக் கட்டி, மெல்ல மெல்லக் காயவிட்டேன். பிறகு ஒரு மரப்பெட்டியில் அடுப்புக்கரியும் அப்பச்சோடாவும் கிண்ணங்களில் வைத்து, பையை உள்ளே விட்டு மூடினேன். தினமும் கரியை மாற்றுவேன். தினமும் மோந்து பார்ப்பேன். மூக்கு மரத்துப்போனதும் மனைவியைக் கூப்பிட்டு மோக்கச் சொல்வேன். “வாழ்க்கையில எனக்கு ஒரு பூவாச்சும் மோக்கக் குடுத்திருக்கீங்களா?” என்றபடி மோந்து, “இன்னும் இருக்கு,” என்பாள். ஒரு வாரம் அதே தீர்ப்பு.

எட்டாம் நாள் கடையில் வைத்து, தோல் இளகுவதற்குக் கிரீம் பூசினேன். பூசிய இடத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கறுப்புத் திட்டு வந்தது. அது பரவுகிற மாதிரி எனக்குத் தெரிந்தது. அவ்வளவுதான். பட்டறையில் படித்த பதினாலு வருசமும் பறந்துபோய், பையை மடியில் கிடத்திப் பேப்பரால் விசிற ஆரம்பித்தேன். ஊதவும் ஊதினேன். குடை வாங்க வந்தவர் வாசலில் நின்று, “யாருக்கு மயக்கம்?” என்றார்.

“தொரைசானிக்கு,” என்றேன்.

அவர் குடையைக் கேட்காமலே போய்விட்டார். அரை மணி நேரத்தில் கிரீம் ஊறி, திட்டு தானாக மறைந்தது. எல்லாக் கிரீமும் அப்படித்தான் ஊறும். நூறு பைகளுக்குப் பூசியிருக்கிறேன்.

பத்தாம் நாள் மனைவி இரண்டு தடவை மோந்தாள். தலையைப் பைக்குள் விட்டு மூன்றாம் தடவையும் மோந்தாள். “இல்லைங்க. ஒண்ணுமே இல்ல,” என்றாள். நான் குசினிப் பக்கம் போய், கொஞ்ச நேரம் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். முகம் கழுவினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் நோனா கடைக்கு வந்தார். பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாய் நேராகியிருந்தது, பிடி வளைவாக நின்றது. “ஹரிம லஸ்ஸணய்,” என்றார். ரொம்ப அழகாம். பிறகு திறந்து மோந்தார். அவர் முகம் மாறியது.

“பாஸ் உன்னஹே, அந்த வாசம் எங்க?”

“போயிருச்சு நோனா. முழுசா எடுத்துட்டேன்.” என் நெஞ்சு எவ்வளவு நிமிர்ந்திருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

“அனே! அதுக்காகத்தானே இந்தப் பையை எடுத்தேன்! அலுமாரியில இன்னும் நாலு பை இருந்துச்சு, எல்லாத்தையும் விட்டுட்டு இதை எடுத்ததே அந்தப் புகை வாசத்துக்குத்தான். பெட்டியைத் திறந்தா வெள்ளைக்காரங்களுக்கு ரப்பர் தோட்டமே மணக்கணும்.”

வாசத்தைப் பற்றி அவர் முன்னால் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அது நாற்றம் இல்லை, வாசம் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

அவரே வழியும் கண்டுபிடித்தார். “தோட்டத்து ஸ்மோக் ஹவுஸ் இன்னும் ஓடுது. மெனேஜர்கிட்ட சொல்றேன். நீங்களே கொண்டுபோய் ரெண்டு நாள் தொங்கவிடுங்க. கூலி தனியாத் தாறேன்.” பிறகு, கார்க் கதவைத் திறந்துகொண்டே கேட்டார். “பெட்டிக்குப் பக்கத்துல ஒரு அட்டையில கதை எழுதி வைக்கணும். இந்தப் பைக்கு எப்படிப் புகை புடிச்சுச்சுன்னு பழைய ஆளுங்க யாருக்காவது தெரியுமா? உங்களுக்கு?”

சாவு வீட்டிலும் மூடாத வாய் என்னுடையது. இது சொல்ல வேண்டிய நேரம் என்று நன்றாகத் தெரிந்தது. அப்பாவின் பெயர் நாக்குநுனிவரை வந்தது. கூடவே அவிசாவளை இரண்டாவது ஒழுங்கையும் வந்தது.

“எனக்குத் தெரியாது நோனா,” என்றேன்.

கார் போனபிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று காதில் விழுந்தது. அந்த அப்புவை நாற்பது வருசம் திட்டியிருக்கிறேன். பயந்தவனுக்கு அதைச் சொல்ல ஒரு மூச்சு நேரம்கூட ஆவதில்லை.

ஸ்மோக் ஹவுஸில் இப்போது முப்பது வயதுக்காரர் ஒருவர் வேலை செய்கிறார். பையைப் பார்த்ததும் சிரித்தார். “என்னாண்ணே, கருவாடு போடப் போறீங்களா?”

“யாரு சொன்னா ஒங்களுக்கு?”

“யாரும் சொல்லலண்ணே. எங்க தோட்டத்துல எதையாச்சும் ரொம்ப நேரம் காயப்போட்டா அப்படித்தான் சொல்லுவோம். ஏன்னு யாருக்குத் தெரியும்?”

உள்ளே நாலு பேர் ஷீட் மாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் பையைக் கழியில் மாட்டினேன். மூலையில் இல்லை, நடுவில், நல்ல ஷீட்டுகளுக்கு மத்தியில். கண் எரிந்தது. அங்கே யாருக்கும் கண் எரியும்.

“இது எங்கப்பா போட்ட கருவாடு,” என்றேன் சத்தமாக. அப்பாவின் சொந்தப் பெயரையும் சொன்னேன். “இதே எடத்துல, இதே பையி. இதுக்காகத்தான் அவர வேலைய விட்டு எடுத்தாங்க.”

ஐந்து பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். “இந்த அண்ணன் வந்தாலே பகிடிதான்,” என்று பஜாரில் என்னை அறிந்த ஒருவர் மற்றவர்களுக்கு விளக்கினார். இன்னொருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்னொண்ணு சொல்லுங்கண்ணே,” என்றார்.

சொன்னேன். வேறு என்ன செய்வது?